இட்டேரியில் தொடங்கும் சமையல்: கொங்கு நாட்டில் கீரையும் கனியும் தேடிப் பறித்து உண்ண ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் மழையை உழவுக் கணக்கில் சொல்வார்கள். "நேத்து ராத்திரி ஒரு உழவு மழைங்க" என்றால், ஏர் பூட்டுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். புரட்டாசியில் அப்படி ரெண்டு உழவு மழை விழுந்து பத்துப் பதினைந்து நாள் போனால், காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடுகளில் சோளப் பயிருக்கு நடுவே பண்ணைக்கீரை முளைத்து நிற்கும். யாரும் விதைத்ததில்லை. களை வெட்டப் போகும் பெண்கள் அதன் கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அன்று ராத்திரி ஊரில் பாதி வீட்டில் கடைசல்தான்.

களை என்று வெட்டியதும் கீரை என்று கடைந்ததும் ஒரே செடி. அதைப் பார்த்த உடனே பெயர் சொல்லக்கூடியவர்கள் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் ஊர் நிறைய இருந்தார்கள். இப்போது ஒரு ஊருக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். திருப்பூரிலோ கோவையிலோ ஈரோட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வருகிற ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: இடம் தெரிந்துகொள்ளுங்கள்

கொங்கில் 'காடு' என்றால் வனம் என்று நினைத்துவிட வேண்டாம். மழையை நம்பி வெள்ளாமை செய்யும் நிலம் காடு. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். ஆறு, வாய்க்கால் பாய்ந்தால் வயல். இந்த மூன்றிலும் வெவ்வேறு செடிகள் வரும். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் காட்டில் கிடைக்கும். தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை. வயல் வரப்பில் புளியாரை.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த இடம் இட்டேரி. ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவே வண்டி போகிற மண்தடம். காங்கேயம் பக்கத்தில் மேய்ச்சலுக்கு விட்ட நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை நட்டு வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகளும். வெளியே அந்தக் கிளுவையின் மேல் முடக்கத்தான், கோவை, பிரண்டை, முசுமுசுக்கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். வேலி காட்டுக்காரருடையது என்றாலும், தடத்துப் பக்கம் தொங்குவதை ஒரு கை பறித்தால் எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கடவை, அதாவது வேலியின் வாசலைத் தாண்டி உள்ளே போவதானால் மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். "கொஞ்சம் கீரை பறிச்சுக்கட்டுங்களா?" என்றால் போதும். பெரும்பாலும் பறித்துக் கொடுத்தே அனுப்புவார்கள்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. இதில் நான் கண்டிப்பானவன். நொய்யல் கரையில், அதுவும் திருப்பூருக்குக் கீழே, எவ்வளவு பசுமையாக இருந்தாலும் பறிக்காதீர்கள். பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதன் தொடர்ச்சிதான். தண்ணீர் தெளிந்தாலும் மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கும், கீரை அதை இலைக்கு ஏற்றிவிடும். சாக்கடை ஓரம், குப்பைமேடு, வண்டி அதிகம் போகும் ரோட்டோரம் ஆகியவையும் வேண்டாம். சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். யானையும் நடமாடும். அங்கே சிறுவனப் பொருள் எடுக்கும் உரிமை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அந்த மலைகளில் வாழும் பழங்குடி மக்களுக்கும் மரபாக வனத்தை நம்பி வாழும் மற்றவர்களுக்கும் உரியது. அவர்கள் எடுத்து வந்து விற்கும் தேனும் நெல்லிக்காயும் நமக்குப் போதும்.

ரெண்டாம் படி: மருந்தடித்த காடா என்று கேளுங்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசியில், ஊருக்குப் பக்கத்துக் காட்டில் பண்ணைக்கீரை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. பை நிறையப் பறித்துக்கொண்டு இட்டேரிக்கு வந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்த ஒரு அம்மா பையைப் பார்த்துவிட்டு நின்றார். "எந்தக் காட்டுல பறிச்சது கண்ணு? ஓடைக்கு மேக்காலயா? அதைக் கொட்டிப் போடுங்க சாமி, முந்தாநேத்துத்தான் மருந்தடிச்சாங்க. நான் ஆட்டையே அந்தப் பக்கம் உடறதில்லை."

கிளைபோசேட் மாதிரியான களைக்கொல்லி அடித்தால் செடி உடனே வாடாது. சில நாட்கள், சில சமயம் ஒரு வாரம் வரை, பச்சையாகவே நிற்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் காட்டுக்காரரையோ ஆடு மேய்ப்பவரையோ கேட்காமல் பயிர் நிலத்தில் ஒரு கொழுந்தையும் கிள்ளாதீர்கள். மாடு ஆடு வழக்கமாக மேய்கிற கொறங்காட்டு வேலி அதை விடப் பத்திரம். கையால் களையெடுக்கிற காடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்தோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறையில் களைக்கொல்லிக்குப் போன விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு டேங்க் மருந்தோடு ஒரு ஊரின் ராத்திரிச் சாப்பாடும் போகிறது என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

மூன்றாம் படி: நாலே நாலு செடி

ஒரே மழைக்காலத்தில் நாற்பது செடி கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள். முதல் வருடம் நாலு போதும். களையெடுக்கப் போகும் ஒரு பெரியம்மாவோடு ரெண்டு காலை நடந்தால் இந்த நாலும் வாழ்நாளுக்கும் மறக்காது. படத்தைப் பார்த்தோ செல்போன் செயலியை நம்பியோ வாயில் வைக்க வேண்டாம்.

பண்ணைக்கீரை: நிமிர்ந்து வளரும், இலை ஈட்டி போல நீண்டிருக்கும், தண்டில் சில சமயம் செவ்வரி ஓடும். பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. நுனி இளஞ்சிவப்பு, கீழே வெள்ளி வெள்ளை, மெழுகுவத்திச் சுடர் மாதிரி. ஆனால் பூ வந்தால் இலை நாராகிவிடும், சமையலுக்குப் பிந்திவிட்டது. பூ வருமுன் பறிக்க வேண்டியதைப் பூவை வைத்துத்தான் உறுதியாக அடையாளம் காண முடிகிறது என்பதால், ஒரு கார்த்திகையில் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த புரட்டாசியில் அதே இடத்துக்குப் போவதே நல்ல வழி.

தொய்யக்கீரை: பண்ணைக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் தாழ்ந்து கிளைவிட்டுப் படரும். மெல்லிய நீண்ட காம்பில் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூ. தனியாகச் சமைப்பதை விடப் பண்ணையோடு கலந்தால் ருசி கூடும்.

சுக்குட்டிக்கீரை: மற்ற ஊர்க்காரர்கள் மணத்தக்காளி என்பது இதைத்தான். தொட்டியடி, பாத்திரம் கழுவுகிற இடம் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் வரும். பழுத்துக் கறுத்த பழத்தை அப்படியே வாயில் போடலாம். பச்சைக் காயை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது. மோரில் ஊறவைத்து வற்றலாக்கி வறுத்துத்தான் சேர்ப்போம்.

பருப்புக்கீரை: தரையோடு படரும், தண்டும் இலையும் சதைப்பற்றாக இருக்கும், லேசான புளிப்பு. இதற்கு ஒரு சோதனை கட்டாயம். தண்டை ஒடித்துப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் பருப்புக்கீரை. பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி வகை, போட்டுவிடுங்கள். ரெண்டும் ஒரே இடத்தில் பின்னிக்கொண்டு வளரும் என்பதால் ஒவ்வொரு கொத்தையும் ஒடித்துப் பார்ப்பது என் வழக்கம்.

நாலாம் படி: பறிக்கும் முறை

காலை வெயில் ஏறுமுன் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், கீரை புழுங்கிவிடும். துணிப்பை அல்லது பழைய வேட்டித் துண்டு போதும். செடியைப் பிடுங்காமல் நுனியில் நாலு விரற்கடை அளவு கிள்ளினால் பக்கத்தில் ரெண்டு கிளை வெடிக்கும், பத்து நாளில் மறுபடி பறிக்கலாம். ஒரு இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பார்த்தீனியம் மண்டிய இடமாக இருந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு அது பட்டாலே தோல் தடித்துவிடும். குச்சியால் செடியைத் தட்டிவிட்டுக் கை வையுங்கள், மழைக்காலத்தில் பாம்பும் அங்கேதான் இருக்கும்.

ஐந்தாம் படி: கடைசல்

பறித்து வந்ததை ஒரு முறத்தில் கொட்டி ஒவ்வொரு கொத்தாகப் பாருங்கள். தெரியாத இலை ஒன்று இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஊமத்தைக் கன்று இப்படித்தான் கலந்து வரும். அதைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை அடிக்கும். அப்புறம் மூன்று தண்ணீரில் அலசுங்கள். மேட்டுக்காட்டுச் செம்மண் ரெண்டு தண்ணீரில் போகாது.

நாலு பேருக்கு, ஆய்ந்த பண்ணைக்கீரை கால் கிலோ. சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் நாலு, தக்காளி ஒன்று, சீரகம் ஒரு சின்னக் கரண்டி, கொத்தமல்லி விதை அதே அளவு. முதலில் கீரையை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் ரெண்டு மூன்று நிமிடம் போட்டு வடித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இந்த வகைக் கீரைகளில் ஆக்சலேட் இருக்கிறது, அதில் ஒரு பங்கு இப்படிப் போகும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

சட்டியில் கடலை எண்ணெய் ஒரு கரண்டி. கொத்தமல்லியும் சீரகமும் பொரிந்ததும் வெங்காயம், பூண்டு, மிளகாய். வெங்காயம் கண்ணாடியாக மாறும்போது தக்காளி. அது குழைந்ததும் கீரை, உப்பு, அரை டம்ளர் தண்ணீர். மூடி போடாமல் ஏழெட்டு நிமிடம், அப்போதுதான் நிறம் கறுக்காது.

இனி மத்து. மிக்சியில் அரைத்தால் பச்சைக் கூழாகிவிடும், கடைசல் ஆகாது. சட்டியைக் கீழே இறக்கி, சும்மாடு மேல் வைத்து, ரெண்டு பாதத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அமுச்சி கடைவார். முதலில் தண்ணீர் தனியாக, இலை தனியாகச் சுற்றும். ஐந்து நிமிடம் விடாமல் கடைந்தால் மத்தின் சத்தம் மாறும். சளசளவென்று இருந்தது கனத்துத் தொப்புத் தொப்பென்று கேட்கும். வெங்காயத் தோல் ஒன்றிரண்டும், நசுங்காத பூண்டு ஒரு துண்டும் நாக்கில் தட்டுப்பட வேண்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சுடுசோற்றுக்கு நன்றாக இருக்கும். ராகிக் களிக்கு நடுவே குழி பறித்து ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும். சோளச்சோறு கிடைத்தால் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

ஆறாம் படி: வேலியில் ஏறுங்கள்

ரெண்டாம் வருடம் வேலிக்கு வாருங்கள். முடக்கத்தானை அதன் காயை வைத்து அடையாளம் காணலாம். மூன்று பட்டையாகக் காற்றடைத்த பலூன் போல இருக்கும், உள்ளே உள்ள கறுப்பு விதையில் வெள்ளையாக ஒரு இதய வடிவம். ரெண்டு கை இலையை, ரெண்டு டம்ளர் இட்லி அரிசியோடும் ஒரு கரண்டி உளுந்தோடும் வெந்தயத்தோடும் ஆட்டித் தோசை சுடலாம். மாவில் கசப்புத் தெரியும், கல்லில் வெந்ததும் அடங்கிவிடும்.

பிரண்டை நாலு பட்டையாகக் கணுக்கணுவாக இருக்கும். நுனியிலிருந்து ரெண்டு மூன்று கணு மட்டும் ஒடிக்க வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் நார் உரித்தால் ராத்திரி வரை அரிக்கும். நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை பொறுமையாக வதக்கி, புளி தாராளமாக வைத்துத் துவையல் அரையுங்கள். அரைகுறையாக வதக்கினால் தொண்டை அரிப்பு நிச்சயம்.

தூதுவளையில் இலைக்கு அடியிலும் முள் இருக்கும், கத்தரிக்கோல் கொண்டு போங்கள். மார்கழிச் சளிக்கு எங்கள் வீட்டில் தூதுவளை ரசம்தான். கோவைக்காய் வேலியில் கிடைப்பது சில கொடியில் கசக்கும், ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் பறியுங்கள்.

ஏழாம் படி: தொடக்கூடாதவை

இதில் முதலிடம் கண்வலிக்கிழங்குக்கு. செங்காந்தள் என்று இலக்கியம் பாடிய, தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள், வேலியிலும் தானாக வரும். பூ அவ்வளவு அழகு. கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. அதிலுள்ள கொல்ச்சிசின் வேகவைத்தாலும் போகாது, கொஞ்சம் தின்றாலும் உயிருக்கே ஆபத்து. அதனால் வேலியோரத்தில் எந்தக் கிழங்கையும் தோண்டி எடுத்துச் சமைக்காதீர்கள் என்பது என் நேரான அறிவுரை.

குன்றிமணி, ஊமத்தை, அரளி, எருக்கு, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு விதை, இவற்றைக் குழந்தைகளுக்கு முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடுங்கள். காளான் பற்றி: இடி இடித்த மறுநாள் புற்றுக் காளான் எடுத்து வந்து சமைத்த ருசி எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வழிகாட்டியில் காளானைச் சேர்க்கமாட்டேன். எழுத்தில் படித்துக் காளான் பறிக்கக் கூடாது. தவறாக எதையாவது தின்றுவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள், மிச்சமுள்ள செடியையும் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் புதுக் கீரை எதையும் மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். சாரணைக்கீரையைக் கர்ப்பிணிகளுக்கு எங்கள் ஊரில் கொடுப்பதே இல்லை.

எட்டாம் படி: பழத்துக்கு நாள் பாருங்கள்

தையில் பனங்கிழங்கு. மார்கழி தொடங்கி மாசி வரை இலந்தை. மாசி, பங்குனியில் கொடுக்காப்புளி வெடிக்கும். ரோசாவும் வெள்ளையும் கலந்த சதையைத் தின்றுவிட்டு, விதையின் கறுப்புத் தோலை மட்டும் உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் கீறாமல் நகத்தால் உரிக்கும் போட்டி எங்கள் பள்ளிக்கூட வாசலில் வருடா வருடம் நடக்கும். முக்கால்வாசி உரித்தபின் கீறிவிட்டால் வருகிற வருத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் நுங்கு. விடியற்காலையில் போனால் சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கிய தெளுவும் (பதநீர்) கிடைக்கும். ஆனி, ஆடியில் நாவல். சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் கண்ணுக்குத் தெரியாத முள் உண்டு. தீயில் வாட்டி, மண்ணில் நன்றாக உருட்டித் தேய்த்து, தோலை முழுக்கச் சீவிய பிறகே வாயருகே கொண்டுபோக வேண்டும்.

ஒன்பதாம் படி: மீதிக்குச் சந்தை

வேலியும் காடும் கீரை தரும். சோற்றுக்கும் பருப்புக்கும் சந்தைக்குத்தான் போக வேண்டும். 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைகள் கொங்கில் இன்றும் நன்றாக நடக்கின்றன. விளைவித்தவரே தராசு பிடித்து நிற்பதால் "எந்த ஊருங்க, எப்பப் பறிச்சதுங்க?" என்று நேராகக் கேட்கலாம். காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். வாரச் சந்தைகளில் ஒரு ஓரமாகச் சாக்கு விரித்து, நாலு கூறு வேலிக்கீரை மட்டும் வைத்திருக்கும் பாட்டிகளைத் தேடுங்கள். அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கி, "இதை எப்படிங்கம்மா ஆக்கறது?" என்று கேட்டால், கூறு இருபது ரூபாய்க்கு ஒரு சமையல் வகுப்பே நடக்கும்.

வருடம் முழுக்க வீட்டில் இருக்க வேண்டியவை என்று நான் வைத்திருப்பது: பனியிலேயே விளைகிற கொள்ளு, தட்டைப்பயிறு, கம்பு, நாட்டுச் சோளம், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள், மாதம் ஒரு முறை ஊத்துக்குளி வெண்ணெய். கொள்ளை வறுத்து வேகவைத்து, வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகத்தோடு கடைந்துவிட்டால் கீரை கிடைக்காத பங்குனிக்கும் சாப்பாடு உண்டு.

கடைசிப் படி: விதைக்கு விடுங்கள்

கார்த்திகைக் கடைசியில், நீங்கள் பறித்த இடத்துக்கு ஒரு முறை வெறுங்கையோடு போய்வாருங்கள். பண்ணைக்கீரைப் பூ காய்ந்து வைக்கோல் நிறமாகியிருக்கும். ரெண்டு கதிரை மட்டும் ஒடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால், கடுகை விடச் சின்னதாகக் கறுப்பு விதை மினுமினுக்கும். ஒரு காகிதத்தில் மடித்து, காட்டின் பெயரையும் மாதத்தையும் எழுதி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த ஆடிப்பெருக்குக்கு மொட்டைமாடித் தொட்டியில் மண்ணோடு கலந்து தூவி, மேலே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். என் மாடியில் போன வருடம் தூவியது ஆறாம் நாள் முளைத்தது.